லெகோ டெக்னிக் தொகுதிகளின் வடிவமைப்பு

லெகோ டெக்னிக் என்பது டென்மார்க்கின் பில்லுண்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட லெகோ குழுமம் 1977 ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் இயந்திரக் கட்டுமான விளையாட்டுத் தொகுதிகளின் வரிசை ஆகும். வழக்கமான லெகோ கட்டைகள் பெரும்பாலும் ஒரு பொருளின் புறத்தோற்றத்தையே காட்டுகின்றன. டெக்னிக் தொகுதிகள் அப்பொருள் இயங்கும் முறையையும் காட்டுகின்றன. பற்சக்கரம், சுழலச்சு, நெம்புகோல், கியர்ப்பெட்டி, காற்றழுத்த உருளை, மின்னோடி ஆகியவற்றைக் கொண்டு மகிழுந்து, பாரந்தூக்கி, அகழ்பொறி போன்ற இயந்திரங்களின் சிறு உருவங்கள் கட்டப்படுகின்றன. சில நூறு பாகங்கள் முதல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் வரை கொண்ட தொகுதிகள் வெளிவந்துள்ளன.

இத்தகைய தொகுதியை வடிவமைப்பது ஒரு பொறியியற் பணியே. உண்மையான இயந்திரத்தை வடிவமைப்பவர் தமக்குத் தேவையான அளவில் பாகங்களைச் செய்துகொள்ளலாம். டெக்னிக் வடிவமைப்பாளர் ஏற்கனவே உள்ள பாகங்களைக் கொண்டே பெரும்பாலும் பணியாற்ற வேண்டும். மேலும், அவர் வடிவமைத்ததைக் கட்டுபவர் பயிற்சி பெற்ற தொழிலாளர் அல்லர். வீட்டுத் தரையில் அமர்ந்து படங்களை மட்டும் பார்த்துக் கட்டும் சிறுவராகவும் இருக்கலாம். இவ்விரண்டு வரம்புகளும் இவ்வடிவமைப்பு முறையைத் தீர்மானிக்கின்றன.

முன்னோடிகள்

இயந்திரக் கட்டுமான விளையாட்டுப் பொருட்களின் முன்னோடி மெக்கானோ ஆகும். இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஓர்ன்பி 1901 ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்னும் பெயர் 1907 இல் வழக்கிற்கு வந்தது. துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணிகளாலும் மரைகளாலும் இணைப்பது இதன் முறை. துளைகளுக்கு இடையேயான தொலைவு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. என நிலையாக வைக்கப்பட்டது. எந்தப் பட்டையையும் எந்தப் பட்டையோடும் இணைக்க முடிந்ததற்கு இந்த ஒரே அளவே காரணம்.

மெக்கானோ வெறும் விளையாட்டுப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. 1934 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஆர்ட்ரீ, ஆர்தர் போர்ட்டர் ஆகியோர் பெரும்பாலும் மெக்கானோ பாகங்களைக் கொண்டே வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒப்புமைக் கணிப்பொறி ஒன்றை அமைத்தனர். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜிலும் இதுபோன்ற ஒன்று கட்டப்பட்டது.

செருமனியில் ஆர்தர் பிஷர் என்னும் கண்டுபிடிப்பாளர் 1960களின் நடுப்பகுதியில் பிஷர்டெக்னிக் என்னும் நெகிழிக் கட்டுமானத் தொகுதியை உருவாக்கினார். சுவரில் திருகாணி பொருத்தப் பயன்படும் நெகிழி முளையை உருவாக்கியவரும் இவரே.

வரலாறு

லெகோ நிறுவனத்தை 1932 இல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்னும் தச்சர் தொடங்கினார். மேற்புறம் குமிழ்களும் உட்புறம் குழல்களும் கொண்ட இன்றைய கட்டைக்கு 1958 சனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. 1970 இல் பெரிய பற்களைக் கொண்ட பற்சக்கரத் தொகுதிகள் வெளிவந்தன. ஆயினும் அவற்றைக் கொண்டு நுண்ணிய இயந்திர அமைப்புகளைக் கட்ட இயலவில்லை.

1977 இல் பக்கவாட்டில் துளையிட்ட கட்டைகள், சிலுவை வடிவக் குறுக்குவெட்டுடைய சுழலச்சுகள், இணைப்பு முளைகள், சிறு பற்களைக் கொண்ட பற்சக்கரங்கள் ஆகியன அறிமுகமாயின. சிலுவை வடிவ அச்சைப் பற்சக்கரத்தின் சிலுவைத் துளையில் செருகினால் இரண்டும் சேர்ந்து சுழலும். கட்டையின் வட்டத் துளையில் செருகினால் அச்சு தடையின்றிச் சுழலும். ஆணியோ பசையோ இன்றிச் சுழலும் இணைப்பையும் சுழலாத இணைப்பையும் ஒரே அச்சால் பெற முடிந்தமை இவ்வமைப்பின் அடிப்படைச் சிறப்பாகும்.

முதல் ஆண்டுத் தொகுதிகளில் ஒன்றான 853 எண்ணுடைய மகிழுந்து அடிச்சட்டகத்தில் இயங்கும் உந்துதண்டுகளும் பற்சட்டத்தால் இயங்கும் திசைதிருப்பியும் இருந்தன. டெக்னிக் என்னும் பெயர் 1980களின் தொடக்கத்தில் இவ்வரிசைக்கு இடப்பட்டது. பின்வருவன இதன் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்கவை:

- 1980: 8860 எண்ணுடைய மகிழுந்து அடிச்சட்டகத்தில் டிஃபரன்சியல் அமைப்பு இடம்பெற்றது. வண்டி திரும்பும்போது இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இது உதவுகிறது.
- 1984: காற்றழுத்த உருளைகள் அறிமுகமாயின.
- 1994: 8880 எண்ணுடைய சூப்பர் கார் வெளிவந்தது. 1,343 பாகங்களைக் கொண்ட இதில் நான்கு சக்கர இயக்கம், நான்கு சக்கரத் திசைதிருப்பல், 4 வேகக் கியர்ப்பெட்டி, தனித்தனி அதிர்வு தாங்கிகள், வி வடிவ 8 உருளைப் பொறி ஆகிய அனைத்தும் ஒரே உருவில் அமைந்தன.
- 1990களின் இறுதியிலிருந்து குமிழ் உள்ள கட்டைகளின் இடத்தைக் குமிழ் அற்ற துளைச்சட்டங்கள் படிப்படியாகப் பிடித்தன.
- 2007: பவர் பங்சன்ஸ் என்னும் மின்னோடி, அகச்சிவப்புத் தொலைக்கட்டுப்பாட்டு அமைப்பு வந்தது.
- 2008: மின்னோடியால் நீண்டு சுருங்கும் நேர்கோட்டு இயக்கிகள் அறிமுகமாயின.
- 2019: திறன்பேசிச் செயலியால் இயக்கப்படும் கண்ட்ரோல் பிளஸ் அமைப்பு வந்தது.

அளவுமுறை

டெக்னிக் வடிவமைப்பின் அடிப்படை அலகு 8 மி.மீ. ஆகும். அடுத்தடுத்த இரு குமிழ்களின் மையங்களுக்கு இடையேயான தொலைவும், அடுத்தடுத்த இரு துளைகளின் மையங்களுக்கு இடையேயான தொலைவும் இதுவே.

ஆனால் பழைய கட்டையின் உயரம் 8 மி.மீ. அன்று, 9.6 மி.மீ. ஆகும். இதனால் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அவற்றின் துளைகள் 8 மி.மீ. அலகுக்குப் பொருந்துவதில்லை. கட்டையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கான 3.2 மி.மீ. உயரமுள்ள தட்டுகளைக் கொண்டு இதனைச் சரிசெய்தனர். இரு கட்டைகளுக்கு நடுவே இரு தட்டுகளை வைத்தால் துளைகளுக்கு இடையேயான செங்குத்துத் தொலைவு 9.6 + 3.2 + 3.2 = 16 மி.மீ. ஆகிறது. இது சரியாக 2 அலகு. அதன்பின் இவ்வடுக்கின் பக்கத்தில் செங்குத்தாக ஒரு துளைச்சட்டத்தை முளைகளால் பூட்டலாம். அடுக்கு பிரிந்து விழாமல் இருக்க இதுவே வழியாக இருந்தது.

குமிழ் அற்ற துளைச்சட்டங்களில் உயரமும் அகலமும் ஒரே அலகு என்பதால் இச்சிக்கல் நீங்கியது. இச்சட்டங்களில் பெரும்பாலானவை 3, 5, 7, 9, 11, 13, 15 என ஒற்றைப்படைத் துளைகள் கொண்டவை. ஒற்றைப்படையாயின் நடுவே ஒரு துளை அமையும். உருவின் இடப்புறமும் வலப்புறமும் சமச்சீராக அமைய அது உதவுகிறது.

சாய்வான இணைப்புகளுக்குப் பித்தாகரசு தேற்றம் கைகொடுக்கிறது. 3, 4, 5 அலகுப் பக்கங்கள் கொண்ட முக்கோணம் செங்கோண முக்கோணம் ஆகையால் அதன் மூன்று முனைகளும் துளைகளில் சரியாகப் பொருந்தும். எண்ண வேண்டியவை துளைகள் அல்ல, இடைவெளிகள் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. 3 அலகுத் தொலைவிற்கு 4 துளைகளும், 4 அலகிற்கு 5 துளைகளும், 5 அலகிற்கு 6 துளைகளும் தேவை. வளைந்த துளைச்சட்டங்கள் சில நேர்கோட்டிலிருந்து 53.13 பாகை விலகி அமைந்திருப்பதும் இம்முக்கோணத்தின் கோணத்தை ஒட்டியே.

பற்சக்கரங்கள்

டெக்னிக் பற்சக்கரங்களின் தொழிற்படு விட்டம் மில்லிமீட்டரில் அவற்றின் பற்களின் எண்ணிக்கைக்குச் சமமாகும். 24 பற்கள் உடையதன் விட்டம் 24 மி.மீ. ஆகவே இரு பற்சக்கரங்கள் சரியாகப் பொருந்த வேண்டிய மையத்தொலைவு, அவற்றின் பற்களின் கூட்டுத்தொகையில் பாதி ஆகும்.

இதிலிருந்து பின்வரும் இணைகள் கிடைக்கின்றன. இவை அனைத்திலும் மையத்தொலைவு 16 மி.மீ., அதாவது 2 அலகு:

- 8 பற்களும் 24 பற்களும் (விகிதம் 3:1)
- 12 பற்களும் 20 பற்களும் (விகிதம் 5:3)
- 16 பற்களும் 16 பற்களும் (விகிதம் 1:1)

முதலிரு இணைகளைத் திருப்பிப் போட்டால் 1:3, 3:5 என மேலும் இரு விகிதங்கள் கிடைக்கும். ஆக, 2 அலகு இடைவெளியில் இணையாக வைக்கப்பட்ட இரண்டே அச்சுகளில் ஐந்து வெவ்வேறு வேகங்களைப் பெறலாம். டெக்னிக் கியர்ப்பெட்டிகள் பலவற்றின் அடிப்படை இதுவே. 8 பற்களும் 40 பற்களும் கொண்ட இணை 3 அலகில் பொருந்தி 5:1 விகிதம் தரும். 16 பற்களும் 24 பற்களும் கொண்ட இணைக்கு 20 மி.மீ., அதாவது இரண்டரை அலகு தேவை. துளைகளின் வரிசையில் இது நேராகப் பொருந்தாது. அரை அலகு தள்ளி வைக்கும் பாகங்களின் துணை வேண்டும்.

திருகுப் பற்சக்கரம் ஒரு முறை சுழன்றால் அதனோடு இணைந்த பற்சக்கரம் ஒரு பல் மட்டுமே நகரும். 24 பற்கள் உடைய சக்கரம் முழுதாக ஒரு சுற்றுச் சுற்ற, திருகு 24 முறை சுழல வேண்டும். மேலும், திருகு சக்கரத்தைச் சுழற்றுமேயன்றிச் சக்கரம் திருகைச் சுழற்றாது. பாரந்தூக்கியில் கைப்பிடியை விட்டாலும் சுமை கீழிறங்காமல் நிற்பதற்கு இப்பண்பு பயன்படுகிறது.

வடிவமைப்புப் படிநிலைகள்

கருப்பொருளும் பணிகளும்

முதலில் எந்த இயந்திரத்தைச் செய்வது என்பதும், அது எந்தெந்த வேலைகளைச் செய்ய வேண்டும் என்பதும் முடிவு செய்யப்படுகின்றன. ஓர் அகழ்பொறியாயின் நகர்தல், மேற்பகுதி சுழலுதல், கை உயர்தல், வாளி மடங்குதல் ஆகியன அதன் பணிகள். உண்மையான இயந்திரத்தின் எல்லாப் பணிகளையும் சேர்க்க இயலாது. எதைக் காட்டினால் அவ்வியந்திரத்தின் தன்மை விளங்கும் என்பதைத் தெரிவு செய்வதே இப்படிநிலையின் கடினமான முடிவு. இத்துடன் தொகுதியின் விற்பனை விலையும், அதற்கேற்பப் பயன்படுத்தத்தக்க பாகங்களின் அளவும் வரம்புகளாக அமைகின்றன.

உரிமம் பெற்றுச் செய்யப்படும் உருக்களில் உண்மை இயந்திரத்தைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பொறியியலாளர்களும் பங்கேற்கின்றனர். 2018 இல் வெளிவந்த 42081 எண்ணுடைய சீயக்சு என்னும் சுமையேற்றி, வால்வோ கட்டுமான இயந்திர நிறுவனமும் லெகோவும் இணைந்து உருவாக்கியதாகும். சந்தையில் இல்லாத, வருங்காலத்திற்கான ஒரு கருத்துருவை இது காட்டியது. சிறுவர்களிடம் கேட்டறிந்த கருத்துக்களும் அதில் சேர்க்கப்பட்டன.

அளவீடு

உருவின் அளவைப் பெரும்பாலும் சக்கரமே தீர்மானிக்கிறது. புதிய வட்டகை ஒன்றிற்குப் புதிய வார்ப்பச்சு தேவைப்படும் என்பதால், கிடைக்கும் சக்கரத்தின் விட்டத்தை உண்மைச் சக்கரத்தின் விட்டத்தோடு ஒப்பிட்டு உருவின் அளவு கணக்கிடப்படுகிறது. இதிலிருந்து நீளம், அகலம், சக்கரங்களுக்கு இடையேயான தொலைவு ஆகியன பெறப்பட்டு, அருகிலுள்ள முழு அலகிற்கு மாற்றப்படுகின்றன.

இயக்கத் தொடர்

அடுத்து, மின்னோடியிலிருந்தோ கைப்பிடியிலிருந்தோ ஒவ்வொரு பணிக்கும் இயக்கம் செல்லும் வழி வகுக்கப்படுகிறது. இங்கு வடிவமைப்பாளரின் முதன்மை எதிரி உராய்வு ஆகும். ஒவ்வொரு பற்சக்கர இணைப்பிலும் ஆற்றலில் 10 விழுக்காடு இழக்கப்படுவதாகக் கொண்டால், 7 இணைப்புகளைக் கடந்தபின் தொடக்க ஆற்றலில் ஏறத்தாழ 48 விழுக்காடே எஞ்சும். ஆகவே இணைப்புகளைக் குறைத்தல், நீண்ட அச்சுகளை நடுவில் தாங்குதல், வேகமாகச் சுழலும் பகுதியில் முறுக்கு விசையைக் குறைத்து இறுதியில் மட்டும் பெருக்குதல் ஆகிய நெறிகள் பின்பற்றப்படுகின்றன. கடைசி நெறி அச்சு முறுக்கிக்கொள்வதையும் தடுக்கிறது.

கியர்ப்பெட்டியில் மற்றொரு இடர் உண்டு. ஒரே நேரத்தில் இரு வேகங்கள் இணைக்கப்பட்டால் இரு விகிதங்களும் ஒன்றையொன்று எதிர்த்து முழு அமைப்பும் இறுகிவிடும். எனவே ஒன்று விலகிய பின்னரே மற்றொன்று இணையும்படி மாற்றுக்கோல் அமைக்கப்பட வேண்டும். 2016 இல் வெளிவந்த 42056 எண்ணுடைய போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் தொகுதியில், சுழலும் உருளை ஒன்று கால் சுற்றுக்கு ஒரு முறை இணைப்பு வளையத்தை நகர்த்தி இவ்வேலையைச் செய்தது.

இயக்கம் எல்லையை அடைந்த பின்னும் மின்னோடி சுழன்றுகொண்டிருந்தால் ஏதேனும் ஒரு பாகம் உடையும். இதனைத் தவிர்க்க, குறிப்பிட்ட முறுக்கு விசைக்கு மேல் வழுக்கும் 24 பற்கள் கொண்ட கிளட்ச் பற்சக்கரம் பயன்படுகிறது. இது வழுக்கும் வரம்பு 2.5 முதல் 5 நியூட்டன் சென்ட்டிமீட்டர் என அதன்மீதே பொறிக்கப்பட்டுள்ளது. நேர்கோட்டு இயக்கிகளின் உள்ளேயும் இத்தகைய கிளட்ச் உண்டு.

சட்டகமும் உடலும்

இயக்கத் தொடரைச் சுற்றியே சட்டகம் கட்டப்படுகிறது. பற்சக்கரங்கள் சுமையின்கீழ் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். சட்டகம் வளைந்தால் பற்கள் நழுவிச் சடசடவென ஒலிக்கும். ஆகையால் பற்சக்கரங்களின் இருபுறமும் சட்டங்கள் வைத்து, செங்குத்தான திசையில் அவற்றைப் பூட்டுவது வழக்கம். உடலின் புறத்தோற்றம் இதற்குப் பின்னரே முழுமை பெறுகிறது. நடைமுறையில் இவ்விரண்டிற்கும் இடையே பலமுறை முன்னும் பின்னும் செல்ல வேண்டியிருக்கும்.

சோதனை

வடிவமைப்பாளர்கள் கணினி மாதிரிகளைப் பயன்படுத்தினாலும் கையால் கட்டிய முன்மாதிரிகளைக் கைவிடுவதில்லை. பாகங்கள் ஓரிடத்தில் பொருந்துகின்றனவா என்பதைக் கணினி காட்டும். உராய்வு, தளர்வு, வளைவு ஆகியவற்றையும், சிறிய கையால் அவ்விடத்தில் முளையைச் செருக முடியுமா என்பதையும் கட்டிப் பார்த்தே அறிய வேண்டும். பாகங்களை நிலையாக வளைத்தோ இறுக்கியோ வைக்கும் இணைப்புகள் ஏற்கப்படுவதில்லை. அவை நாளடைவில் பாகங்களைச் சிதைத்துவிடும். தொகுதிகள் ஐரோப்பிய விளையாட்டுப் பொருள் பாதுகாப்புத் தரமான ஈஎன் 71 இற்கும் உட்பட வேண்டும்.

கட்டுமானக் கையேடு

டெக்னிக் கையேடுகளில் கட்டும் முறை சொற்கள் இன்றிப் படங்களாலேயே விளக்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் சேர்க்க வேண்டிய பாகங்கள் தனிக்கட்டத்தில் காட்டப்படும். அச்சுகளின் நீளம் அவற்றின் உண்மை அளவிலேயே அச்சிடப்படுவதால் அச்சைத் தாளின் மேல் வைத்துச் சரிபார்க்கலாம்.

கையேட்டின் வரிசை வடிவமைப்பையே மாற்றக்கூடியது. 30 ஆம் படியில் ஒரு பற்சக்கரம் இடம் மாறினால் அப்பிழை 400 ஆம் படியில் உருவை இயக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் அது உருவின் நடுவே மூடப்பட்டிருக்கும். சிறுவர் ஒருவர் பல நாள் உழைப்பைப் பிரித்தெடுக்க நேரும். பலர் அங்கேயே விட்டுவிடுவர். எனவே இயக்கத் தொடர் திறந்திருக்கும்போதே அதைச் சுழற்றிச் சோதிக்கும் வாய்ப்பைக் கட்டுமான வரிசையில் அளிப்பது நல்ல வடிவமைப்பாகக் கருதப்படுகிறது. தவறான முறையில் பொருத்தவே இயலாதபடி அமைப்பது அதனினும் சிறந்தது.

நிறங்களும் இதே நோக்கத்திற்காகப் பயன்படுகின்றன. நீண்ட காலம் இரட்டைப்படை நீளமுள்ள அச்சுகள் பெரும்பாலும் கறுப்பிலும் ஒற்றைப்படை நீளமுள்ளவை சாம்பல் நிறத்திலும் வெளிவந்தன. உருவின் உட்பகுதியில் பொருந்தாத நிறங்கள் தென்படுவதற்கும், ஒத்த வடிவமுடைய பாகங்களைக் கட்டுபவர் வேறுபடுத்தி அறிய வேண்டும் என்பதே காரணம்.

புதிய பாகங்கள்

நெகிழியை உருக்கி வார்ப்பச்சினுள் அழுத்திச் செலுத்துவதன் மூலம் பாகங்கள் செய்யப்படுகின்றன. கட்டைகளுக்கு 1963 முதல் ஏபிஎஸ் என்னும் நெகிழி பயன்படுகிறது. உராய்வைத் தாங்க வேண்டிய பாகங்களுக்கு வேறு நெகிழிகளும் பயன்படுத்தப்படுகின்றன. மிகுந்த துல்லியம் தேவைப்படுவதால் வார்ப்பச்சுகள் விலை உயர்ந்தவை.

இதனால் புதிய பாகம் ஒன்றைக் கேட்கும் உரிமை வடிவமைப்பாளருக்கு எளிதில் கிடைப்பதில்லை. இக்கட்டுப்பாட்டிற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1990களின் இறுதியிலிருந்து 2004 வரை லெகோ குழுமத்தின் பாக வகைகள் ஏறத்தாழ இரு மடங்காயின. ஒரே தொகுதியில் மட்டும் பயன்பட்ட பாகங்கள் பல. 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் குழுமம் பெரும் இழப்பைச் சந்தித்தது. 2004 இல் தலைமைப் பொறுப்பேற்ற யோர்கன் விக் நுட்சுடார்ப் காலத்தில் பாக வகைகள் பெருமளவு குறைக்கப்பட்டன. ஒரு புதிய பாகம் பல தொகுதிகளிலும், வருங்காலத்திலும் பயன்படுமா என்பது அதன்பின் முதன்மையான கேள்வியாயிற்று.

பழைய தொகுதிகள் பலவற்றில் அதே பாகங்களைக் கொண்டு கட்டத்தக்க இரண்டாவது உருவிற்கும் கையேடு இருந்தது. இது வடிவமைப்பாளருக்குக் கூடுதற் சுமையாயினும், பாகங்கள் ஓர் உருவிற்கு மட்டும் உரியவை அல்ல என்பதைக் கட்டுபவருக்கு உணர்த்தியது.

குறிப்பிடத்தக்க தொகுதிகள்

- 8110 மெர்சிடிஸ் பென்ஸ் யூனிமாக் யு400 (2011): 2,048 பாகங்கள். உண்மை வண்டியைப் போன்றே சக்கர மையத்திற்கு மேலே அச்சு அமைந்து, தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே கூடுதல் உயரம் தந்தது. மின்னோடியும் காற்றழுத்தமும் சேர்ந்து பயன்பட்டன.
- 42055 வாளிச்சக்கர அகழ்பொறி (2016): 3,929 பாகங்கள். தமிழ்நாட்டின் நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் பயன்படும் பொறிகளின் வகையைச் சேர்ந்தது. சுழலும் வாளிகள் அள்ளியதைப் பட்டைகள் வெளியே கொண்டு செல்லும்.
- 42083 புகாட்டி சிரோன் (2018): 3,599 பாகங்கள். 8 வேகக் கியர்ப்பெட்டியும் 16 உருளைப் பொறியும் கொண்டது.
- 42100 லீபெர் ஆர் 9800 அகழ்பொறி (2019): 4,108 பாகங்கள், 7 மின்னோடிகள். ஒவ்வொரு பணிக்கும் தனி மின்னோடி இருந்தமையால் ஒரே நேரத்தில் பல அசைவுகளைச் செய்ய முடிந்தது.

2018 ஆகத்து மாதம் இத்தாலியின் மோன்சாவில் புகாட்டி சிரோனின் முழு அளவு டெக்னிக் உரு காட்சிக்கு வைக்கப்பட்டது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பாகங்களும் 2,304 பவர் பங்சன்ஸ் மின்னோடிகளும் 4,032 டெக்னிக் பற்சக்கரங்களும் கொண்ட இதன் எடை ஏறத்தாழ 1,500 கிலோகிராம். பாகங்களை இணைக்கப் பசை பயன்படுத்தப்படவில்லை. ஓட்டுநரை ஏற்றிக்கொண்டு இது மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடியது. சிறு மின்னோடிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து ஒரு வண்டியை நகர்த்தும்போது சுமையைச் சமமாகப் பகிர்வதும் சட்டகத்தை வளையாமல் காப்பதும் எவ்வளவு கடினம் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

சர்ச்சைகளும் திறனாய்வும்

2020 ஆகத்து மாதம் வெளிவரவிருந்த 42113 எண்ணுடைய வி-22 ஓஸ்பிரே வானூர்தி, வெளியீட்டிற்குச் சில நாட்களுக்கு முன் கைவிடப்பட்டது. செருமனியின் அமைதி அமைப்பு ஒன்று இதற்கு எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. தொகுதி மீட்புப் பணி வானூர்தியாகவே வடிவமைக்கப்பட்டிருந்தாலும், உண்மையான ஓஸ்பிரே படைத்துறையால் மட்டுமே பயன்படுத்தப்படுகிறது என்பதை லெகோ ஏற்றது. நிகழ்காலப் படைத்துறை ஊர்திகளின் உருக்களை வெளியிடுவதில்லை என்பது அந்நிறுவனத்தின் நீண்டகாலக் கொள்கை. சிறகு முனைப் பொறிகள் சாய்ந்து திரும்பும் அமைப்பு இயந்திர நோக்கில் சுவையானது. ஆயினும் எதை வடிவமைப்பது என்பது இயந்திரவியல் கேள்வி மட்டுமன்று என்பதை இந்நிகழ்வு காட்டியது.

திறன்பேசிச் செயலியால் மட்டுமே இயங்கும் தொகுதிகளைப் பற்றியும் குறை கூறப்படுகிறது. 1977 ஆம் ஆண்டின் பற்சக்கரம் இன்றைய அச்சில் அப்படியே பொருந்தும். செயலியோ, அது இயங்கும் இயங்குதளம் மாறும்போது தொடர்ந்து இற்றைப்படுத்தப்பட வேண்டும். தயாரிப்பாளர் அதனை நிறுத்தினால் உருவில் பழுது ஏதும் இல்லாமலே அது இயங்காது போகும். கைப்பிடியாலும் இயக்கத்தக்க மாற்று வழி வேண்டும் என்பது இக்குறை கூறுவோரின் வாதம்.

புகழ்பெற்ற மகிழுந்துகளின் உரிமம் பெற்ற உருக்கள் பெருகியதால் புறத்தோற்றத்திற்கு முதன்மை தரப்பட்டு, இயந்திர அமைப்புகள் உள்ளே மறைக்கப்படுகின்றன என்றும் சிலர் கருதுகின்றனர். கியர்ப்பெட்டி இயங்குவதைக் காண முடியாதெனில் அது இருப்பதன் பயன் என்ன என்பது அவர்களது கேள்வி. கட்டும்போது அதனைக் காண்பதே போதும் என்பது மாற்றுக் கருத்து.

ஆர்வலர்களும் கட்டற்ற மென்பொருளும்

நிறுவனத்திற்கு வெளியேயும் இவ்வடிவமைப்புக் கலை வளர்ந்துள்ளது. 1995 இல் ஆத்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெசிமன் எல்டிரா என்னும் கோப்பு முறையையும் மென்பொருளையும் உருவாக்கி இலவசமாக வழங்கினார். லெகோ பாகங்களைக் கணினியில் உருவாக்கி அடுக்க இது வழிசெய்தது. இதன் அலகு 0.4 மி.மீ.; ஆகவே 8 மி.மீ. 20 அலகாகவும், கட்டையின் உயரமான 9.6 மி.மீ. 24 அலகாகவும், தட்டின் உயரமான 3.2 மி.மீ. 8 அலகாகவும் முழு எண்களில் அமைகின்றன. ஜெசிமன் 1997 இல் இளம் வயதிலேயே காலமானார். அவருக்குப் பின் தன்னார்வலர்கள் பாகங்களின் தொகுப்பைத் தொடர்ந்து விரிவுபடுத்தி வருகின்றனர். லியோகேட் போன்ற கட்டற்ற மென்பொருட்கள் இக்கோப்பு முறையைப் பயன்படுத்துகின்றன.

லெகோ குழுமம் 2004 இல் லெகோ டிஜிட்டல் டிசைனர் என்னும் தனது இலவச மென்பொருளை வெளியிட்டுப் பின்னர் கைவிட்டது. எல்டிரா கோப்புகளோ இன்றும் பயன்பாட்டில் உள்ளன. போலந்தைச் சேர்ந்த பாவெல் கிமீச் 2012 இல் எழுதி வெளியிட்ட டெக்னிக் கட்டுமான வழிகாட்டி நூல், பற்சக்கர விகிதம், திசைதிருப்பி, அதிர்வு தாங்கி முதலியவற்றை விரிவாக விளக்குகிறது.

கல்வியில் பயன்பாடு

1998 இல் வெளிவந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் எந்திரன் தொகுதிகள் டெக்னிக் பாகங்களையே உடலாகக் கொண்டவை. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சீமோர் பேப்பர்ட் 1980 இல் எழுதிய நூலின் பெயரே இவற்றிற்கு இடப்பட்டது. மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசை 2022 ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது.

விகிதம், முறுக்கு விசை, உராய்வு, நெம்புகோல் ஆகியவற்றைச் சமன்பாட்டிற்கு முன்னரே கையால் உணரச் செய்வது டெக்னிக் தொகுதிகளின் கல்விப் பயனாகக் கூறப்படுகிறது. 8 பற்கள் கொண்ட சக்கரத்தால் 40 பற்கள் கொண்டதைச் சுழற்றும் சிறுவர், ஐந்து சுற்றுக்கு ஒரு சுற்று என்பதை எண்ணிப் பார்த்தே அறிகிறார். அதே நேரத்தில் சுழற்றுவது எளிதானதையும் விரல்களால் உணர்கிறார். வேகத்தை இழந்து விசையைப் பெறுதல் என்னும் இயந்திரவியலின் அடிப்படை விதி இவ்வாறு அவருக்கு அறிமுகமாகிறது.